ஒரே இரவில் இரட்டித்த காடு

வரியன் என்ற அணிலின் வால்தான் அந்தக் காட்டுக்கு அளவுகோல்.

குளத்து நீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது, ஆலமரம் எவ்வளவு பருத்திருக்கிறது, முயல் வளைக்கும் கீரி வளைக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று எந்தக் கேள்வி வந்தாலும் வரியனைக் கூப்பிடுவார்கள். அவன் வந்து வாலை நீட்டி வைப்பான். எடுத்து மறுபடி வைப்பான். "பன்னிரண்டு வால்" என்பான். அதோடு வழக்கு முடிந்தது.

அவனைவிட நீண்ட வால் கீரிக்கு இருந்தது. அழகான வால் மயிலுக்கு இருந்தது. ஆனால் நேர்மையான வால் வரியனுடையதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரு மயிரிழை கூட்டியோ குறைத்தோ அவன் சொன்னதில்லை. அந்தப் பெருமையும் அவனுக்கு நிறைய இருந்தது. தினமும் காலையில் வாலை நக்கிச் சீவி, சுருக்கம் எடுத்துவிட்டுத்தான் மரத்தை விட்டு இறங்குவான்.

அந்தக் காட்டில் பழைய சட்டம் ஒன்று உண்டு. வால் இல்லாதவர்கள் சபையில் பேசக் கூடாது. அளக்க ஒன்றும் இல்லாதவனுக்குக் கருத்து எதற்கு என்பது அந்தச் சட்டத்தை இயற்றியவர்களின் நியாயம். தவளை, எறும்பு, நண்டு எல்லாம் சபைக்கு வெளியே நிற்பார்கள். சுமை தூக்க வேண்டி வந்தால் மட்டும் உள்ளே அழைக்கப்படுவார்கள். காட்டுக்குத் தலைவர் ஒரு கரடி. அவருக்கும் வால் உண்டு என்று சொன்னார்கள். யாரும் பார்த்ததில்லை. காட்டச் சொல்லிக் கேட்டவரும் இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் தானியமும் கொட்டையும் பொறுக்கிச் சேர்த்து, கரடியின் குகையில் தனக்கென்று உள்ள தனிப் பொந்தில் குவித்து வைக்கும். வரியன் ஒவ்வொரு குவியலின் உயரத்தையும் வாலால் அளந்து சொல்வான். "முயல் வீட்டுக் குவியல், நான்கு வால்." "செம்பி வீட்டுக் குவியல், இரண்டு வால்." கோடையில் காடு காய்ந்த பிறகு, அவரவர் குவியலை அவரவர் எடுத்துத் தின்பார்கள். காவலுக்குக் கூலியாகக் குவியலுக்கு ஒரு கைப்பிடி கரடிக்கு.

செம்பி, வரியனின் தங்கை. அவள் துணையைப் பருந்து தூக்கிப் போய்விட்டது. மூன்று குஞ்சுகளோடு காட்டின் ஓரத்தில் ஒரு முருங்கை மரத்தில் இருந்தாள். முருங்கைக் கிளை எவ்வளவு எளிதில் ஒடியும் என்பது தெரிந்ததுதானே. அதன் நுனியில்தான் பூ இருக்கும். செம்பி தனியாகப் போனால் நுனி தாங்கும். முதுகில் ஒரு குஞ்சு ஏறிக்கொண்டாலும் கிளை 'மளுக்' என்று சத்தம் கொடுக்கும்.

"பிள்ளையச் சுமந்துக்கிட்டு நுனிக்குப் போகாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று வரியன் திட்டுவான்.

"நான் போகலை அண்ணே. அதுங்களாத் தொத்திக்கிட்டு வருதுங்க" என்பாள் செம்பி.

அந்த வருடம் கோடை தொடங்கிய அன்று காலை, கரடியின் அமைச்சரான நரி சபையைக் கூட்டினார். நாவினியன் என்று அவருக்குப் பெயர். குரல் அப்படி. கேட்கிறவன் பசியை மறந்து தலையாட்டுவான்.

"சபையோரே," என்றார் நாவினியன். "நேற்று இரவு நீங்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது, நம் தலைவர் தவம் இருந்தார். தவம் பலித்தது. இந்தக் காட்டில் உள்ள ஒவ்வொன்றும் ஒரே இரவில் இரண்டு மடங்காக வளர்ந்துவிட்டது."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்படி ஒன்றும் தெரியவில்லையே," என்றது முயல்.

"எப்படித் தெரியும் முயலாரே? நீங்கள் இரண்டு மடங்கு. உங்கள் வளையும் இரண்டு மடங்கு. மரம், மலை, குளம், வானத்தில் பறக்கும் பருந்து, எல்லாம் இரண்டு மடங்கு. பார்க்கிற உங்கள் கண்ணும் இரண்டு மடங்கு. எதை எதனோடு ஒப்பிட்டு வித்தியாசம் காண்பீர்கள்?"

"அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்," என்றது கீரி.

"நானும் அதைத்தான் வேண்டுகிறேன். நம் வரியனாரைவிட நேர்மையான அளவுகோல் ஏது?"

வரியன் புறப்பட்டான். சபை முழுவதும் அவன் பின்னால் போனது. ஆலமரத்தை அளந்தான். போன மாதம் இருந்த அதே அளவு. முயல் வளைக்கும் கீரி வளைக்கும் நடுவே அளந்தான். அதே அளவு. குகைக்குள் போய்க் குவியல்களை அளந்தான். முயலுக்கு நான்கு வால், செம்பிக்கு இரண்டு வால். அதுவும் அப்படியே.

"எதுவும் மாறவில்லை," என்று சபையில் சொன்னான்.

நாவினியன் கண்களை மூடி, கைகூப்பினார். "கேட்டீர்களா? ஒரு மயிரிழைகூட மாறவில்லை. ஒன்று வளர்ந்து ஒன்று வளராமல் போயிருந்தால் அந்த வால் காட்டிக்கொடுத்திருக்கும். தலைவர் அப்படிப்பட்டவரா? பாரபட்சம் இல்லாமல் எல்லோரையும் ஒன்றுபோல் உயர்த்தியிருக்கிறார். உயர்ந்தது தெரியாதபடி உயர்த்தியிருக்கிறார். வரியனாரின் வாலே சாட்சி!"

 வரியன் சொன்னது 'மாறவில்லை' என்று. கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது 'எல்லாம் மாறிவிட்டது' என்று. ஆனாலும் அவன் அளந்ததில் பிழை இல்லை. அவன் சொல்லில் பொய் இல்லை. பிறகு எதை மறுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பொய் அவர்களுக்குப் பிடித்திருந்தது. முயல் தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "காலையில் எழுந்திருக்கும்போதே உடம்பு கொஞ்சம் கம்பீரமாகத்தான் இருந்தது," என்றது. கீரி மார்பை நிமிர்த்திக்கொண்டது. மயில் எதுவும் சொல்லாமல் ஒரு தடவை தோகையை விரித்து மூடியது. இரண்டு மடங்கு ஆகிவிட்டாய் என்று ஒருவன் சொன்னால், இல்லை நான் பழைய ஆள்தான் என்று மறுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

"இனி நன்றிக்கடன்," என்றார் நாவினியன். "நீங்கள் குகையில் வைத்தது பழைய குவியல். இன்று இருப்பது இரட்டித்த குவியல். கூடுதலாக வந்தது தலைவரின் தவத்தால் வந்தது. அது அவருக்கு. நீங்கள் வைத்தது உங்களுக்கு. நான்கு வால் குவியல் இரண்டு வால் ஆகும். இரண்டு வால் குவியல் ஒரு வால் ஆகும். சரிபாதி. வரியனாரே அளந்து கொடுப்பார்."

சபைக்கு வெளியே, குளக்கரைக் கல்லின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது. "அப்போ வயிறும் ரெண்டு மடங்கு ஆகியிருக்குமே. பாதியை வெச்சுக்கிட்டு அதை எப்படி ரொப்புறது?"

அது சொறியன் என்ற கிழத் தவளை. அவனைச் சபைப் பக்கம் அண்டவிடாமல் துரத்துவது காட்டில் வழக்கமான வேலைகளில் ஒன்று.

"வாலில்லாதவன் வாயை மூடு," என்று நாலைந்து பேர் சீறினார்கள்.

நாவினியன் மட்டும் சிரித்தார். "மரத்தில் பழங்களும் இரண்டு மடங்கு ஆகியிருக்கின்றன. சோம்பேறிகள்தான் வயிற்றைப் பற்றிப் பேசுவார்கள்."

அன்றே வேலை நடந்தது. எறும்புகள் குகைக்குள் வரிசையாகப் போய் ஒவ்வொரு குவியலிலிருந்தும் தானியத்தை எடுத்துக் கரடியின் உள்ளறைக்குச் சுமந்தன. குவியலின் வடிவம் கெடாமல், உச்சியிலும் சரிவிலும் சமமாக எடுக்கச் சொன்னார் நரி. குவியல் பாதி உயரத்துக்கு வந்ததும் வரியன் வாலை நிமிர்த்தி அளந்தான். "செம்பி வீட்டுக் குவியல், ஒரு வால். சரிபாதி."

"உங்கள் குவியலை விட்டுவிடலாம்," என்று நரி அவன் காதில் சொன்னார். "அளப்பவருக்கு அந்த மரியாதைகூடவா இல்லை?"

"எல்லோருக்கும் எதுவோ அதுதான் எனக்கும்," என்றான் வரியன். தன் குவியலையும் பாதி உயரத்துக்கு இறக்கச் சொல்லித் தானே அளந்தான். அன்று மாலை மிகுந்த பெருமையோடு வாலைச் சீவிக்கொண்டான்.

வெயில் ஏறியது. குளம் சுருங்கியது. பழம் எந்த மரத்திலும் இல்லை.

பாதிக் குவியல் பாதிக் கோடைக்கு வரும், மீதிக் கோடையை இலையும் பட்டையும் தின்று ஓட்டிவிடலாம் என்று எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் கோடை சூடு பிடிப்பதற்குள்ளேயே குவியல்கள் தரை தட்டின. வரியனின் குவியலும் அப்படித்தான். அவன் தன்னையே கடிந்துகொண்டான். 'வாயைக் கட்டத் தெரியவில்லை எனக்கு' என்று நினைத்தான். முயலும் அப்படித்தான் நினைத்தது. தன் பிள்ளைகளைத் திருட்டுத்தீனி தின்றதாகச் சொல்லி அடித்தது. கீரியும் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டிலும் தாங்கள்தான் அதிகம் தின்றுவிட்டோம் என்று நினைத்து வெட்கப்பட்டார்கள். வெட்கத்தால் பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. சொல்லாததால் எல்லா வீட்டிலும் அதுவேதான் நடக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளுகிறவர்களுக்கு இதைவிட நல்ல காவல் வேறு வேண்டுமா?

ஒரு நாள் செம்பி வந்தாள். விலா எலும்பு தெரிந்தது.

"குவியல் தீந்துபோச்சு அண்ணே."

"அதுக்குள்ளேயா? கொஞ்சம் பார்த்துச் செலவு பண்ணியிருக்கலாம்ல."

செம்பி அவனையே பார்த்தாள். "உன் குவியல் எப்படி இருக்கு?"

வரியன் வாலைச் சீவ ஆரம்பித்தான்.

"வா. வந்து கடைக்குட்டியைப் பாரு," என்றாள்.

அவன் முருங்கைக்குப் போனான். கடைசிக் குஞ்சு கூட்டின் மூலையில் கண் திறக்காமல் கிடந்தது. செம்பி பார்த்துக்கொண்டிருக்க, வரியன் தான் அறிந்த ஒரே காரியத்தைச் செய்தான். வாலை அதன் பக்கத்தில் நீட்டி வைத்தான்.

"போன தடவை அளந்த அதே நீளம்தான். ஒண்ணும் குறையலை," என்றான். அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

"அளக்காதே அண்ணே," என்றாள் செம்பி. குரல் உயரவில்லை. "தூக்கிப் பாரு."

அவன் தூக்கினான். காற்றில் விழுந்த சருகு ஒன்றை எடுத்ததுபோல் இருந்தது. மூக்கிலிருந்து வால்நுனி வரை எல்லாம் அப்படியே இருந்தது. கையில் மட்டும் ஒன்றும் இல்லை.

"நீ அளந்துதானே சொன்னே, சரிபாதின்னு?" என்றாள் செம்பி.

"அளந்ததைத்தான் சொன்னேன். பொய் சொல்லலை."

"பொய் சொல்லாம இருந்தாப் போதுமா?"

மறுநாள் காலையில் அந்தக் குஞ்சு இறந்துபோனது. செம்பி அழவில்லை. மற்ற இரண்டையும் கூட்டில் விட்டுவிட்டு, பூ ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க முருங்கை நுனிக்குப் போனாள். நுனி அவளைத் தாங்கியது. வரியன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு குளத்துக்குப் போனான்.

குளம் வற்றி, களிமண் கட்டிகட்டியாக வெடித்துக் கிடந்தது. நடுவில் சிறு குட்டையாக நீர் நின்றது. சொறியன் அதன் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன வாலய்யா, குளத்தை அளக்க வந்தீங்களா? அது நம்மளை அளந்துக்கிட்டு இருக்கு," என்றான் சொறியன்.

 நீளம் குறையாமல் கனம் குறைய முடியும் என்பதை நேற்றுதான் வரியனின் கை அறிந்திருந்தது. அப்படியானால் இத்தனை காலம் குவியல்களில் நான் எதை அளந்தேன்? மணலை அள்ளி அரை வால் உயரத்துக்கு ஒரு குவியல் குவித்தான். அதே போல் இன்னொன்று பக்கத்தில் குவித்து, அதை முதல் குவியலின் மேல் கொட்டினான். ஒரு வால் உயரம் வரும் என்று எதிர்பார்த்தான்.

வரவில்லை. மணல் சரிந்து நாலாபுறமும் ஓடியது. உச்சி கொஞ்சம்தான் ஏறியது. மூன்றாவது குவியலைக் கொட்டினான். நான்காவது கொட்டினான். இன்னும் வரவில்லை. மூச்சு வாங்கியது. எட்டாவது குவியலைக் கொட்டிய பிறகுதான் உச்சி வால்நுனியைத் தொட்டது.

அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பாதி உயரம் என்றால் பாதிக் குவியல் இல்லை. எட்டில் ஒரு பங்கு. ஏழு பங்கு கரடியின் உள்ளறைக்குப் போனது. அதற்குப் பக்கத்திலேயே நின்று, நேர்மையாக வாலைப் பிடித்து, சரிபாதி என்று சொன்னவன் அவன்.

"எறும்புங்க அன்னிக்கே சொல்லிச்சு," என்றான் சொறியன். இப்போது கேலி இல்லை. "உள்ள கொண்டுபோனது மலையா இருக்கு, விட்டுட்டு வந்தது மண்ணாங்கட்டி அளவுன்னு. தூக்குன முதுகுக்குத் தெரியாதா? எங்க போய்ச் சொல்றது? வால் இல்லையே."

வரியன் வெடித்துக் கிடந்த களிமண் கட்டிகளை எடுத்தான். ஒரே அளவுள்ள கட்டிகளாகப் பொறுக்கினான். ஒரு கட்டியைத் தனியாக வைத்தான். 'இது இரட்டிப்பதற்கு முந்தைய நான் என்று வைத்துக்கொள்வோம்' என்று நினைத்தான். நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு என்று அடுக்கினால்தான் அதைப்போல் இரண்டு மடங்கு பெரிய கட்டி வரும். அடுக்கினான். எட்டுக் கட்டிகள் ஆயின. அவற்றில் தரையைத் தொட்டவை நான்கு. அந்த நான்கில் ஒவ்வொன்றின் தலைமேலும் இன்னொரு கட்டி உட்கார்ந்திருந்தது.

அதை வெகுநேரம் பார்த்தான். உச்சி வெயில் முதுகைச் சுட்டது. அவன் நகரவில்லை.

"சொறியா," என்றான் கடைசியில். "நீ இந்தக் கல் மேலே ஏற எத்தனை தாவு தாவுவே?"

"ஒரே தாவு. பொறந்ததுலேருந்து."

"கோடை தொடங்கின பிறகும்?"

"என்ன கேள்வி இது? நேத்துகூட ஒரே தாவுதான்."

வரியன் வாலைச் சீவிக்கொள்ளாமலேயே எழுந்து சபைக்கு நடந்தான்.

சபை கூடியது. கரடித் தலைவர் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக அவர் உட்காரும் மரத்துண்டு நடுவில் விரிசல் விட்டு ஓரமாகக் கிடந்தது. புதிதாக ஒரு தடித்த துண்டை உருட்டிக்கொண்டு வந்து போட்டிருந்தார்கள். கூடியிருந்தவர்களில் மினுமினுவென்று இருந்த உடம்பு அவருடையதும் நாவினியனுடையதும்தான்.

வரியன் மணலைக் குவித்துக் காட்டினான். முயலைக் கூப்பிட்டு அதன் கையாலேயே ஒவ்வொரு அரை வால் குவியலாகக் கொட்டச் சொன்னான். எட்டாவது குவியலைக் கொட்டி முடித்ததும் முயல் திரும்பிப் பார்த்தது. அது அடித்த பிள்ளைகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன.

"நம் வீடுகளில் யாரும் அதிகம் தின்னவில்லை," என்றான் வரியன். "குறைவாகக் கொடுக்கப்பட்டது. அளந்தது நான். அந்தப் பழி எனக்கு."

"உயரம்தானே பேசிய பேச்சு?" என்றார் நாவினியன் நிதானமாக. "பாதி உயரம் என்று சபை ஒப்புக்கொண்டது. அதற்கு மேல் தலைவரின் தவத்துக்கு நீங்கள் செலுத்தும் மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களை இரண்டு மடங்கு ஆக்கியவருக்கு இதுகூடவா அதிகம்?"

"ஆக்கினாரா என்பதுதான் கேள்வி."

"அளந்து சொன்னவரே கேட்கிறாரா? எது மாறினாலும் தெரியாது, எல்லாம் சேர்ந்து வளர்ந்திருக்கிறது என்று அன்றே சொன்னேனே. சாட்சி வேண்டுமானால் அதோ பாருங்கள். தலைவரின் பழைய இருக்கை! எத்தனையோ வருடம் அவரைத் தாங்கியது. இப்போது விரிசல் விட்டுவிட்டது. ஏன்? அவர் வளர்ந்தார். கனம் கூடியது. வளர்ச்சிக்கு இதைவிட என்ன சாட்சி?"

சபையில் சிலர் தலையாட்டினார்கள்.

"நன்றி நரியாரே," என்றான் வரியன். "நான் சொல்ல வந்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள்."

குளத்திலிருந்து கொண்டுவந்த களிமண் கட்டிகளைச் சபையின் நடுவில் அடுக்கினான். "பாருங்கள். ஒரு கட்டியை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு ஆக்கினால் எட்டுக் கட்டி ஆகிறது. தரையில் நிற்பது நான்குதான். ஒவ்வொன்றின் தலையிலும் அதைப்போலவே இன்னொன்று. உண்மையாகவே நாம் இரண்டு மடங்கு ஆகியிருந்தால், அன்று காலையிலிருந்து நாம் ஒவ்வொருவரும் தன் தலையில் இன்னொரு தன்னைச் சுமந்துகொண்டுதான் நடந்திருப்போம். வால் அளவு மாறாது. சுமை மாறாமல் இருக்குமா? முயலே, உன் கால் அப்படி எதையாவது சுமந்ததா?"

"இல்லை," என்றது முயல். "பள்ளத்தை எப்போதும்போலத்தான் தாண்டுகிறேன். பசியால்தான் மூச்சு வாங்குகிறது."

"செம்பி?"

செம்பி எழுந்தாள். "எங்க முருங்கை நுனி என் ஒருத்தியைத்தான் தாங்கும். ஒரு குஞ்சு ஏறினாலே முறியப் பார்க்கும். இன்னொரு செம்பி ஏறியிருந்தா அது எப்பவோ ஒடிஞ்சிருக்கும். இன்னிக்குக் காலையிலகூட நான் அங்கதான் நின்னேன். என் பிள்ளை செத்த பிறகு."



"வெளியே நிற்பவர்களையும் கேட்கிறேன்," என்றான் வரியன்.

"வாலில்லாதவர்கள் சபையில் பேசக் கூடாது," என்றார் நாவினியன். முதல் முறையாக அவர் குரல் கொஞ்சம் தடித்தது.

"வால் உள்ளவர்கள் பேசியதைக் கேட்டுத்தான் ஒரு கோடை போயிற்று. சொறியா, உள்ளே வா."

சொறியன் உள்ளே வந்தான். அந்த இடத்தில் அவன் கால் பட்டது அதுதான் முதல் தடவை. சுற்றிலும் பார்த்துவிட்டு, கரடியின் விரிசல் விட்ட பழைய இருக்கையின் மேல் ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்தான்.

"எல்லாரும் ஒரே ராத்திரியில கனத்தோம்னு சொல்றாரு நரியார்," என்றான். "எல்லாரும் கனத்திருந்தா எல்லார் வீட்டுலேயும் ஏதாவது ஒடிஞ்சிருக்கணும். யார் வீட்டுலேயாவது ஒடிஞ்சுதா? ஒடிஞ்சது இது ஒண்ணுதான். அப்போ இந்தக் காட்டுல நெசமா கனத்தது யாரு?"

யாரோ ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. எல்லோருடைய பார்வையும் கரடியின் வயிற்றின் மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. கூட்டம் குகையை நோக்கி ஓடியது. கரடி எழுந்து தடுக்கப் பார்த்தது. ஏழு பங்கில் பெரும்பகுதியைத் தின்ற உடம்பு, பத்தடி ஓடுவதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டது. நரி முன்னால் ஓடிக் குகை வாசலை மறித்தார். எல்லோருக்கும் முன்னால் வந்தவன் வரியன்.

"அளவுகோல் இருந்தால்தானே அளப்பாய்," என்றார் நாவினியன். பாய்ந்து அவன் வாலைக் கவ்வி அடியோடு கடித்து எறிந்துவிட்டுப் புதருக்குள் ஓடினார். அதன் பிறகு அவரை அந்தக் காட்டில் யாரும் பார்க்கவில்லை. வேறு காட்டில் அமைச்சராக இருக்கிறார் என்று பறவைகள் சொல்கின்றன. இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு எந்தக் காட்டிலும் வேலை கிடைக்கும்.

உள்ளறையில் மிச்சம் இருந்தது, எடுத்துப் போனதில் பாதிகூட இல்லை. மீதி தின்று தீர்த்த தானியம். செத்துப்போன குஞ்சு ஒன்று இரண்டல்ல. எந்தக் கூட்டத்தாலும் அவற்றைத் திருப்பி வாங்க முடியாது.

இருந்ததைப் பங்கிட்டார்கள். இந்தத் தடவை குவித்து வைத்து உயரம் பார்க்கவில்லை. எறும்புகள் தூக்கி, இது கனம், இது லேசு என்று சொல்லச் சொல்ல, கூட்டிக் குறைத்துப் பிரித்தார்கள். எறும்புகளுக்கும் பங்கு வைத்தார்கள்.

அந்த வேலை முடியும் முன்பே கீரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "வரியனுக்கு வால் போய்விட்டது. என் வால் அதைவிட நீளம். இனிமேல் அளப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்." அதைக் கேட்டுத் தலையாட்டவும் நாலு பேர் இருந்தார்கள். நேற்று ஏமாந்தவர்கள்தான் அவர்களும்.

சொறியன் சிரித்தான். வரியனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அளந்துகொள்," என்றான் கீரியிடம். "அளந்து முடித்த பிறகு, தூக்கினவர்களைக் கேட்காமல் வாயைத் திறக்காதே."

வால் இல்லாத அணிலால் கிளைக்குக் கிளை தாவ முடியாது. வரியன் முருங்கையின் அடிமரத்திலேயே ஒரு பொந்தில் இருந்துகொண்டான். செம்பி அவனோடு அதிகம் பேசவில்லை. நுனிக்குப் போய்ப் பூ பறித்து வரும்போது, அவனுக்கும் கொஞ்சம் பொந்தின் வாயில் வைத்துவிட்டுப் போவாள்.

மழை விழுந்து, காடு தழைத்த பிறகு ஒரு நாள் காலையில் அவள் இரண்டு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். அவை அவனைப் பார்த்ததும் பழக்கத்தில் ஓடிவந்து, அளக்கச் சொல்லி முதுகை நீட்டிக்கொண்டு நின்றன. அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே வால் இல்லை.

செம்பி ஒரு குஞ்சை எடுத்து அவன் கைகளில் வைத்தாள். அவன் தூக்கினான். அது கனத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கீழே விடாமல் வெகுநேரம் அப்படியே வைத்திருந்தான். செம்பியும் வாங்கிக்கொள்ள அவசரப்படவில்லை.

அளவுகோலைப் பிடித்திருப்பவர் சொல்லும் கணக்கை, பாரத்தைச் சுமப்பவரிடம் கேட்டுச் சரிபார்க்காமல் ஒருபோதும் நம்பாதீர்கள்.